கொழுக்கட்டை அச்சைக் கடிக்காதீர்கள்!

குட்டீஸ், எங்கள் தெருவில் பிளஸ் 1 படிக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். பரீட்சை வந்துவிட்டால், சாயங்காலம் மொட்டை மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே பாடத்தை ஒப்பிப்பார். போன பரீட்சையின்போது அவர் சொன்னது எங்கள் மாடி வரைக்கும் கேட்டது.

"கிளாஸ் என்பது ஒரே மாதிரியான ஆப்ஜெக்ட்களின் தொகுப்பு... கிளாஸ் என்பது ஒரே மாதிரியான ஆப்ஜெக்ட்களின் தொகுப்பு..."

பக்கத்தில் பட்டம் விட்டுக்கொண்டிருந்த அவருடைய தம்பி, மூன்றாம் வகுப்பு வாண்டு, நூலைச் சுற்றியபடியே கேட்டான்: "அக்கா, ஆப்ஜெக்ட்னா என்னக்கா?"

"சும்மா இருடா, மறந்துடப் போகுது!"

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் வருத்தமும் வந்தது. ஏனென்றால், அக்கா உருப்போட்டுக்கொண்டிருந்த அந்தப் பாடம், அது பிறந்த புதிதிலேயே பள்ளிப் பிள்ளைகளின் கையில் விளையாடக் கொடுக்கப்பட்ட விஷயம். அதைப் போய்க் கேள்வி கேட்டால் மறந்துவிடும் பாடமாக மாற்றி வைத்திருக்கிறோமே!

அதைவிட வேடிக்கை என்ன தெரியுமா? அக்கா அத்தனை சிரமப்பட்டு ஒப்பித்த வரி, சரியான விளக்கமே இல்லை.

எப்படி என்கிறீர்களா? பிள்ளையார் சதுர்த்தி அன்று பாட்டி கொழுக்கட்டை அச்சை எடுப்பார் அல்லவா? அச்சு ஒன்றுதான். அதிலிருந்து வரும் கொழுக்கட்டைகள் முப்பது. எல்லாம் ஒரே வடிவம். ஆனால், உள்ளே? ஒன்றில் தேங்காய்ப் பூரணம். இன்னொன்றில் எள்ளுப் பூரணம். பூரணம் தீர்ந்த பிறகு செய்த கடைசிக் கொழுக்கட்டையில் வெறும் மாவு. (அது மட்டும் தவறாமல் என் தட்டுக்கு வந்துவிடும்!)

அந்த அச்சுதான் கிளாஸ். ஒவ்வொரு கொழுக்கட்டையும் ஓர் ஆப்ஜெக்ட். இப்போது நீங்களே சொல்லுங்கள், அச்சு என்பது முப்பது கொழுக்கட்டைகளின் தொகுப்பா? ஒரு கொழுக்கட்டைகூடச் செய்யாவிட்டாலும் அச்சு அச்சுதானே? பசிக்கிறது என்று அச்சைக் கடித்தால் பல்தான் போகும்.

தமிழ்ப் பாடநூலில் கிளாசுக்கு இனக்குழு என்று பெயர். ஆப்ஜெக்ட்டுக்குப் பொருள். இவற்றை வைத்து நிரல் எழுதும் முறைக்குப் பொருள்நோக்கு நிரலாக்கம். இனக்குழு என்பதில் 'குழு' இருப்பதால்தான் பலர் அதைக் கூட்டம் என்று நினைத்துக்கொள்கிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். போகட்டும். பெயர் நீளமாக இருக்கிறதே என்று மட்டும் பயந்துவிடாதீர்கள். கதை சுவாரசியமானது.

துறைமுகத்தில் ஒரு குழப்பம்

கம்ப்யூட்டருக்குத் தானாக ஒன்றும் தெரியாது. என்னென்ன செய்ய வேண்டும் என்று நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளைகள்தான் புரோகிராம், அதாவது நிரல். அந்தக் காலத்தில் இதைச் சமையல் குறிப்பு மாதிரி வரிசையாக எழுதுவார்கள். முதலில் இதைச் செய், அடுத்து அதைச் செய். கணக்குப் போட இதுவே போதும்.

ஆனால், ஒரு துறைமுகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் கப்பல்கள் வருகின்றன. நிறுத்த மூன்றே இடம். நான்காவது கப்பல் வந்தால் கடலிலேயே நங்கூரம் போட்டுக் காத்திருக்க வேண்டும். இன்னொரு கிரேன் வாங்கினால் கூட்டம் குறையுமா? கோடிக்கணக்கில் பணம் கொட்டி வாங்கிவிட்டு, "அடடா, பயனில்லையே!" என்று சொல்ல முடியாது. அதனால் துறைமுகத்தைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே உண்டாக்கி, அங்கே கப்பல்களை ஓட விட்டுப் பார்க்க வேண்டும்.

இதைச் சமையல் குறிப்பு மாதிரி எழுதினால் என்ன ஆகும்? ஐம்பது கப்பல்களின் கணக்கும் ஒரே நோட்டில் கலந்து கிடக்கும். எந்த எண் எந்தக் கப்பலின் சரக்கு, எது கிரேனின் வேகம், யார் எப்போது வந்தார் என்று தேடித் தேடியே தலை சுற்றும். ஓர் இடத்தில் திருத்தினால் வேறு எங்கோ தப்பாகும்.

நார்வே நாட்டின் தலைநகர் ஆஸ்லோ. அங்கே உள்ள நார்வே கணினி மையத்தில், 1960களில் கிறிஸ்டன் நைகார்ட், ஓலே யோஹான் டால் என்று இரண்டு பேர் இப்படிப்பட்ட வேலைக்காகவே ஒரு மொழியை உருவாக்கினார்கள். அதன் பெயர் சிமுலா. 1967ல் வந்த அதன் அடுத்த வடிவத்தில்தான் கிளாஸ், ஆப்ஜெக்ட் என்ற இரண்டும் இன்று நாம் சொல்லும் பொருளில் வந்தன. அவர்களுடைய யோசனை ரொம்ப எளிமையானது. கப்பல் என்றால் எப்படி இருக்கும், என்ன செய்யும் என்று ஒரே ஒரு தடவை எழுதிவிடு. அது அச்சு. அப்புறம் எத்தனை கப்பல் வேண்டுமோ அத்தனையை வார்த்துக்கொள். ஒவ்வொரு கப்பலும் தன் சரக்கைத் தானே நினைவில் வைத்திருக்கும். வருவது, காத்திருப்பது, இறக்குவது, கிளம்புவது எல்லாம் அதற்கே தெரியும். கிரேனுக்குத் தன் வேகம் தெரியும். நோட்டு கிழிந்து ஐம்பது துண்டானது. ஆளுக்கு ஒரு துண்டு!

கம்ப்யூட்டர் துறையின் நோபல் பரிசு என்று சொல்லப்படும் டூரிங் விருது, இவர்கள் இருவருக்கும் 2001ஆம் ஆண்டுக்காகக் கொடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 2002ல், சில வார இடைவெளியில் இரண்டு பேரும் காலமானார்கள்.

80 அடிக் காகிதம்

இனி அமெரிக்காவுக்குப் போவோம். 1966ல் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆலன் கே என்ற மாணவர் சேர்ந்தார். சேர்ந்ததும் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். ஏதோ ஒரு நிரல் ஓட மாட்டேன் என்கிறது, ஓட வை! அதன் விளக்கக் குறிப்பு, நார்வே மொழியை அப்படியே ஆங்கிலமாக்கியதுபோல் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் இருந்தது. அவரும் இன்னொரு மாணவரும் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த நிரலை அச்சிட்ட காகிதச் சுருளைக் கட்டடத்தின் நடைபாதையில் 80 அடி நீளத்துக்கு விரித்துப் போட்டு, அதன்மேல் தவழ்ந்து தவழ்ந்து படித்தார்கள். ஏதாவது புரிந்தால் ஒருவருக்கொருவர் கத்திச் சொல்லிக்கொள்வார்களாம். கடைசியில் பார்த்தால், அது சிமுலா!

ஆலன் கே உயிரியல் படித்தவர். சிமுலாவைப் பார்த்ததும் அவருக்கு நம் உடம்பில் இருக்கும் செல்கள் ஞாபகம் வந்தன. உங்கள் அறிவியல் பாடத்தில் செல்லின் படம் வரைந்திருப்பீர்களே. ஒவ்வொரு செல்லுக்கும் சுற்றிலும் ஒரு சவ்வு. உள்ளே நடப்பதில் வெளியில் இருப்பவர் தலையிட முடியாது. ஆனால், ஒரு செல் இன்னொரு செல்லுக்குச் செய்தி அனுப்பும். லட்சம் கோடிக்கணக்கான செல்கள் இப்படித்தான் சேர்ந்து வேலை செய்கின்றன. கம்ப்யூட்டர் நிரலும் இப்படி இருந்தால் என்ன என்று நினைத்தார் அவர்.

அந்த நினைப்பிலிருந்து 1972ல் பிறந்தது ஸ்மால்டாக் என்ற மொழி. கலிஃபோர்னியாவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்தில் ஆலன் கே, டான் இங்கால்ஸ், அடீல் கோல்ட்பெர்க் ஆகியோர் சேர்ந்து அதை வளர்த்தார்கள். யாருக்காக என்று நினைக்கிறீர்கள்? உங்களுக்காக! குழந்தைகள் கையில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்பது ஆலன் கேயின் கனவு. அறை முழுக்கக் கம்ப்யூட்டர்கள் அடைத்துக்கொண்டிருந்த காலத்தில் இப்படி ஒரு கனவு! அந்தக் கம்ப்யூட்டரில் குழந்தைகள் பேச ஒரு மொழி வேண்டாமா? அதுதான் ஸ்மால்டாக்.

பக்கத்துப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகளை வரவழைத்தார்கள். அடீல் கோல்ட்பெர்க் அவர்களுக்கு விளக்கம் எழுதிப் போட்டு உருப்போடச் சொல்லவில்லை. திரையில் ஒரு பெட்டியைக் காட்டினார். அதன் பெயர் ஜோ. "ஜோ, 30 டிகிரி திரும்பு" என்று எழுதினால் ஜோ திரும்பும். "ஜோ, வளர்" என்றால் பெரிதாகும். அப்புறம் அதே அச்சில் இன்னொரு பெட்டி, பெயர் ஜில். ஜில்லைத் திருப்பினால் ஜோ அசையாது. இருவரும் ஒரே அச்சு, ஆனால் வேறு வேறு ஆள். கிளாஸ், ஆப்ஜெக்ட் பற்றிய பாடம் அவ்வளவுதான், முடிந்தது! அங்கே வந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தி, படம் தீட்டுவதற்கான நிரலைத் தானே எழுதினாள்.

ஆனால், ஒன்றை மறைக்கக் கூடாது. எல்லாருக்கும் அது சுலபமாக வந்துவிடவில்லை. சில பிள்ளைகள் பிரமாதப்படுத்தினார்கள், பலர் திணறினார்கள். அதே ஆராய்ச்சி மையத்தில் நிரல் எழுதத் தெரியாத பெரியவர்களுக்கு வகுப்பு எடுத்தபோது, அவர்களும் சில வாரங்களில் முட்டிக்கொண்டு நின்றார்கள். ஆலன் கேயே இதை வெளிப்படையாக எழுதியிருக்கிறார். மொழியைத் தெரிந்துகொள்வது வேறு, ஒரு பிரச்னையை எப்படிப் பிரித்து யார் யாரிடம் கொடுப்பது என்று யோசிப்பது வேறு. இரண்டாவதுதான் கஷ்டம். அதனால் உங்களுக்கு உடனே வரவில்லை என்றால், 'நமக்கு மண்டையில் ஒன்றும் இல்லை' என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

உண்டியலும் மணியும்

என் கட்சி என்னவென்று இப்போது சொல்லிவிடுகிறேன். பொருள்நோக்கு நிரலாக்கத்துக்கு உயிர் கிளாஸ் இல்லை, ஆப்ஜெக்ட்கூட இல்லை. ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் செய்திதான் உயிர். இது நானாகச் சொல்வதில்லை. 'ஆப்ஜெக்ட்' என்று பெயர் வைத்ததற்காக ஆலன் கேயே பின்னாளில், 1998ல், வருத்தப்பட்டார். அந்தப் பெயரால் எல்லாரும் சின்ன விஷயத்தையே பார்க்கிறார்கள், பெரிய விஷயமான செய்தியை விட்டுவிடுகிறார்கள் என்பது அவருடைய குறை. ஸ்மால்டாக்கில் 3 + 4 என்று எழுதினால்கூட, 3 என்ற ஆளிடம் '4ஐக் கூட்டிக்கொள்' என்று செய்தி போவதாகத்தான் அர்த்தம்!

செய்தியைப் பிடித்துக்கொண்டால், பாடநூலில் வாய்க்குள் நுழையாமல் நிற்கும் சொற்கள் எல்லாம் வழிக்கு வந்துவிடும். உறைபொதியாக்கம் என்று ஒன்று வரும். உங்கள் வீட்டு மண் உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். காசு போடலாம். குலுக்கிப் பார்க்கலாம். உள்ளே கைவிட முடியாது. நிரலில் இப்படி எழுதலாம்:

உண்டியல்.போடு(5)
உண்டியல்.எவ்வளவு()

முதலில் ஆள், அப்புறம் ஒரு புள்ளி, அப்புறம் செய்தி. இந்தப் புள்ளியைப் பல மொழிகளில் பார்ப்பீர்கள். சரி, எதற்காக இந்தக் கட்டுப்பாடு? நீங்கள் ஒரு கிரிக்கெட் விளையாட்டு எழுதுகிறீர்கள். ஆயிரம் வரி ஆகிவிட்டது. திடீரென்று ஸ்கோர் மைனஸ் 12 என்று காட்டுகிறது. ஸ்கோரை யார் வேண்டுமானாலும் தொடலாம் என்று விட்டிருந்தால், ஆயிரம் வரியிலும் திருடனைத் தேட வேண்டும். ஸ்கோர் ஓர் உண்டியலுக்குள் இருந்தால், அதன் வாயை மட்டும் பார்த்தால் போதும். ராத்திரி நேரத்தோடு தூங்கலாம்.

பல்லுருவாக்கம் என்பதற்கு உங்கள் பள்ளிக்கூட மணியே போதும். சாயங்காலம் கடைசி மணி அடிக்கிறது. மணி ஒரே சத்தம்தான் போடுகிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 'ஓ...' என்று வாசலுக்கு ஓடுகிறார்கள். டீச்சர் சாக்பீஸைக் கீழே வைக்கிறார். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கிறார். வாசலில் நெல்லிக்காய் விற்கும் ஆயா கூடையின் துணியை விலக்குகிறார். யார் யார் என்னென்ன செய்ய வேண்டும் என்று மணி சொன்னதா? அதற்குத் தெரியவே தெரியாது! நாளைக்கு ஐஸ்காரர் ஒருவர் புதிதாக வந்தாலும், மணியை மாற்ற வேண்டியதில்லை.

மரபுரிமம் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. வண்டி என்று ஓர் அச்சு. அதிலிருந்து பஸ், லாரி, கார் என்று குட்டி அச்சுகள். தாய் அச்சில் இருப்பதெல்லாம் குட்டிக்கும் தானாக வந்துவிடும், மறுபடி எழுத வேண்டாம். ஆஹா, எவ்வளவு மிச்சம்! இந்த ஆசையில் நீங்கள் 'வண்டி' அச்சில் 'பெட்ரோல் போடு' என்று எழுதிவிடுவீர்கள். மறுநாள் சைக்கிளும் வண்டிதானே என்று அதையும் குட்டியாகச் சேர்ப்பீர்கள். இப்போது சைக்கிளுக்குப் பெட்ரோலை எங்கே ஊற்றுவது? டயரிலா? பேட்டரியில் ஓடும் ஸ்கூட்டர் வந்தால் இன்னும் வம்பு. பல வருட அனுபவம் உள்ளவர்களே இந்தக் குழியில் விழுந்திருக்கிறார்கள். அதனால் 'நாய் ஒரு விலங்கு, பூனை ஒரு விலங்கு' என்று தொடங்கி, மரபுரிமத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் பாடங்கள் எனக்குப் பிடிப்பதில்லை.

எந்த மொழி படிப்பது?

அப்பா அம்மாக்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. கதையைக் கேளுங்கள். பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் என்பவர் கேம்பிரிட்ஜில் படித்தபோது சிமுலாவில் எழுதிப் பார்த்தார். எழுத இனித்தது, ஓட்டினால் நத்தை வேகம். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, வேகமான சி மொழியோடு 1979ல் கிளாஸைச் சேர்க்கத் தொடங்கினார். அதுதான் சி++. 1991ல் நெதர்லாந்துக்காரர் கைடோ வான் ராசம், பைத்தானை வெளியிட்டார். 1995ல் சன் நிறுவனத்திலிருந்து ஜாவா வந்தது, ஜேம்ஸ் காஸ்லிங் குழுவின் வேலை. உங்களில் பலர் விளையாடும் மைன்கிராஃப்ட்டின் முதல் வடிவம் ஜாவாவில் எழுதப்பட்டதுதான்.

'எங்க பையன் ஜாவா முடிச்சுட்டான், அடுத்து பைத்தான்' என்று ஐஸ்கிரீம் கப் எண்ணுவதுபோல் மொழிகளை எண்ணுவதில் பிரயோஜனம் இல்லை. ஒன்றில் ஜோவையும் ஜில்லையும் புரிந்துகொண்டால், மற்றதில் புள்ளியும் அடைப்பும் எங்கே போடுவது என்பதுதான் மிச்சம். பொருள்நோக்கு முறையே இல்லாமலும் பெரிய வேலைகள் நடக்கின்றன. லினக்ஸின் உள்மையம் பெரும்பாலும் சி மொழியில்தான் இருக்கிறது. கோ, ரஸ்ட் போன்ற பின்னால் வந்த மொழிகள், நான் மேலே திட்டிய அந்த மரபுரிமத்தை வேண்டாம் என்றே விட்டுவிட்டன.

உங்கள் வயதுக்கு ஸ்கிராட்ச் நல்லது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. மீடியா லேப் 2007ல் வெளியிட்டது, இலவசம். அதில் ஒரு பூனை இருக்கும். அது எழுத்து மொழி இல்லை, கட்டைகளை அடுக்குவது. முழுமையான பொருள்நோக்கு மொழி என்றும் சொல்ல முடியாது. ஆனால், பூனைக்குத் தன் வேலை தெரியும், அது செய்தி ஒலிபரப்பினால் மற்றவர்கள் கேட்டுத் தங்கள் தங்கள் வேலையைச் செய்வார்கள். நம் பள்ளிக்கூட மணிதான்! ஸ்கிராட்ச்சின் முதல் வடிவம், ஸ்மால்டாக்கின் வழியில் வந்த ஸ்குவீக் என்ற மொழியில் செய்யப்பட்டது. அப்படிப் பார்த்தால் ஜோ, அந்தப் பூனைக்குத் தாத்தா முறை.

கம்ப்யூட்டரே இல்லை என்றாலும் பரவாயில்லை. பரீட்சை முடிந்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் நாங்கள் விளையாடிப் பார்த்தோம். ஆளுக்கு ஒரு பொருள். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு, அதில் தன் கணக்கு. அடுத்தவர் சீட்டைத் தொடக் கூடாது, எட்டியும் பார்க்கக் கூடாது. வாயால் செய்தி மட்டும் சொல்லலாம். தனக்குத் தெரிந்த செய்தி என்றால் செய்ய வேண்டும், இல்லை என்றால் 'தெரியாது' என்று சொல்ல வேண்டும்.

தம்பி, உண்டியல். அவன் சீட்டில் 40 என்று எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"உண்டியல், 10 போடு!" என்றார் அக்கா. தம்பி திரும்பி நின்று, சீட்டில் அடித்து எழுதினான்.

"உண்டியல், 20 எடு!"

"அந்த வேலை எனக்குத் தெரியாது!"

"டேய், எடுடா!" என்று அக்கா அவன் பையில் கைவிடப் போனார். அவன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓடிவிட்டான். "அக்கா, தப்பாட்டம்! கேட்டாத்தான் சொல்லுவேன்!"

அக்கா ஒரு நிமிடம் அப்படியே நின்றார். பிறகு சிரித்துக்கொண்டே கேட்டார்: "சரி, உண்டியல், எவ்வளவு?"

"அம்பது" என்றான், சட்டைப் பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு.